வேதுத் தண்ணீர் பட்ட துணி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு, பிரசவம் பார்க்கும் லேடி டாக்டராகத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள். பெரிய டாக்டர் லீவில் போன சமயம் பார்த்து, போலீஸ்காரர் ஒருவர் அரக்கு வைத்த பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே ரத்தக்கறை படிந்த துணி. கறை எத்தனை நாள் பழையது என்று நான் சொல்ல வேண்டுமாம். கடையில் கருவாட்டைக் காட்டிக் கேட்பதுபோலக் கேட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது.

கருங்கல் ஊர்ச் சந்தையிலிருந்து திரும்பிய வியாபாரி ஒருவரை இருட்டில் யாரோ வெட்டியிருந்தார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார், வெட்டியவன் முகத்தைப் பார்க்கவில்லை. முன்பு அவரோடு வாய்ச்சண்டை போட்ட பனையேறி ஒருவனை மறுநாளே பிடித்தார்கள். அவன் வீட்டிலிருந்து எடுத்த துணிதான் இது. அவனுக்கு எதிராக வேறு சாட்சியம் இல்லை. கறை புதிது என்றால் அவன் ஜெயிலுக்குப் போவான், பழையது என்றால் வீட்டுக்குப் போவான்.

துணியிலிருந்து நூல் பிரித்து உப்புத் தண்ணீரில் போட்டேன். புது ரத்தமென்றால் சீக்கிரம் கரைந்து தண்ணீர் சிவக்கும். நாளாக ஆகக் கறை பழுத்து, கரைய அடம்பிடிக்கும். இது கரையவே இல்லை. துணி முழுவதும் ஒரு செம்பழுப்பு வேறு ஏறியிருந்தது. அழுக்கு என்று நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் அறிக்கையில் அதையும் எழுதினேன்.

பத்மநாபபுரம் கோர்ட்டில் கூண்டேறினேன். கறை பழையதாகத் தெரிகிறது என்றதும் பனையேறியின் முகம் தெளிந்தது. சர்க்கார் வக்கீல் எழுந்தார்.

“வெந்நீரில் முக்கினால் புது ரத்தமும் கரையாமல் போகும், இல்லையா?”

“போகும்.”

“இது வெந்நீர் பட்ட துணியா, நாள்பட்ட துணியா?”

“சொல்ல முடியாது” என்றேன். அது உண்மை. ஆனாலும் அவன் தலை தொங்கியதைப் பார்த்தபோது, படித்த படிப்பெல்லாம் இதற்குத்தானா என்று மனம் கசந்தது.

பிறகு அவன் மனைவி, கைக்குழந்தையோடு கூண்டில் ஏறினாள். துணியில் ரத்தம் எப்படி வந்தது என்று கேட்டதும் சுற்றி இருந்தவர்களைப் பார்த்தாள். கோர்ட்டில் என்னையும் அவளையும் விட்டால் எல்லாரும் ஆண்கள். குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“அது எனக்க பேற்றுத் துணி, ஏமானே. இந்தப் பிள்ளையப் பெத்தப்ப உள்ளது. குளிச்சு மிச்சம் வந்த வேதுத் தண்ணியில அலசி வச்சேன்.”

குமாஸ்தா எழுதுவதை நிறுத்திவிட்டார். மாஜிஸ்திரேட் தொண்டையைச் செருமினார்.

“போலீசில் ஏன் சொல்லவில்லை?”

“வந்ததெல்லாம் ஆணுங்க. அவங்ககிட்ட எப்பிடிச் சொல்லுவேன்?”

என்னை மறுபடி அழைத்தார்கள். வேதுத் தண்ணீர் என்றால் மரப்பட்டையும் இலைகளும் போட்டுக் கொதிக்கவைத்து, பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்டும் தண்ணீர். எத்தனையோ வீடுகளில் அண்டா அண்டாவாகப் பார்த்திருக்கிறேன். துணியில் ஏறியிருந்தது அந்தப் பட்டையின் நிறம்தான். அறிக்கையில் எழுதியிருந்ததைக் காட்டிச் சொன்னேன். ஆளை வெட்டிவிட்டு ஓடிவந்தவன் பட்டை போட்டுத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருக்க மாட்டான் என்று மாஜிஸ்திரேட்டே வக்கீலிடம் சொன்னார். பனையேறியை விட்டுவிட்டார்கள்.

எனக்கு அப்படியொரு சந்தோஷம். அவளிடம் ஒரு வார்த்தை பேசலாம் என்று வெளியே போனேன். புருஷன் அவளைவிட்டு நாலடி முன்னால், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். சட்டென்று நின்று திரும்பினான்.

“இம்புட்டு ஆணுங்களுக்க முன்னால அதச் சொல்லணுமா, ஏட்டி?”

அவள் குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“சொல்லாம இருந்தா, இதக் கேக்க நீங்க வெளிய வந்திருப்பியளா?”