தொள்ளாயிரம் டாலர் அழுக்கு

பேச்சை நிறுத்தமாட்டாள். ஆனால் உங்கள் கை தம்ளரைக் கீழே வைக்கப் போகும் நொடியில், மேஜைக்கும் தம்ளருக்கும் நடுவே ஒரு தக்கை வட்டு வந்து உட்கார்ந்திருக்கும். எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஏப்ரன் பையில் நாலு, சோபா கைப்பிடியில் இரண்டு, காரில்கூட ஒன்று வைத்திருக்கிறாள் வெல்டா பிரிக்கெட். பாதிரியாரானாலும் சரி, கேபிள் சரிசெய்ய வந்த ஆளானாலும் சரி, வட்டு இல்லாமல் அந்த வீட்டில் தம்ளர் கீழே இறங்காது. முப்பத்தெட்டு வருஷமாக இதில் பழகிப்போன கணவன் டாயல், கையில் தம்ளரே இல்லாதபோதும் உட்கார்ந்தவுடன் வட்டைத் தடவுவான்.

சிடேலியா ஊர்க் கடைத்தெருவில் உள்ள சலவைக்கடையில் இருபத்தேழு வருஷமாகக் கறை எடுக்கும் மேஜை அவளுடையது. துணியைக் கொடுத்தால் முதலில் மூக்கருகே கொண்டுபோவாள். "கெட்சப். வெள்ளிக்கிழமை ராத்திரி. நேத்துதான் பட்டதுன்னு என்கிட்ட கதை விடாதே" என்பாள். கல்யாணத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கையில் மணப்பெண்ணின் கவுனிலிருந்து பார்பெக்யூ சாஸை எடுத்தவள். சிகரெட் சுட்ட ஓட்டையை, அதே துணியின் மடிப்பிலிருந்து நூல் உருவி, இருந்த இடம் தெரியாமல் நெய்துவிடுவாள். புதிதாக வேலைக்குச் சேர்கிற பெண்களுக்கு அவள் சொல்வது ஒன்றே ஒன்று: "கறையைப் போட்டுத் தேய்க்காதே. நைசாப் பேசி வெளிய கூட்டிட்டு வா."

இப்படிப்பட்டவளின் முன்னறையில்தான் டாயல் இரண்டு கிதார் ஆம்ப்ளிஃபையர் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தான்.

டாயல் கேஸ் லாரி ஓட்டுகிறான். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு, படைவீரர் சங்கக் கூடத்தில் சனிக்கிழமை நடனத்துக்கு கிதார் வாசிக்க ஒப்புக்கொண்டிருந்தான். வால்வு வைத்த பழங்காலத்து ஆம்ப்ளிஃபையரை அதே மாதிரியில் இப்போது புதிதாகச் செய்கிறார்கள். அதில் இரண்டு வகை. ஒன்று, வைக்கோல் நிறத் துணி போர்த்தி, பளிச்சென்று இருந்தது. மற்றது அழுக்கேறி, தலையில் கறை வளையங்களோடு, ஓரத்தில் சிகரெட் சுட்ட தழும்போடு இருந்தது. கான்சாஸ் சிட்டி கடைக்காரர்கள் இரண்டையும் அனுப்பி, இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு, பிடிக்காததைச் சனிக்கிழமைக்குள் வந்தபடியே திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஒரு முன்னறைக்கு ஓர் ஆம்ப்ளிஃபையர்தான் என்பது வெல்டாவின் சட்டம்.

பதினோரு நாளாக டாயல் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்தான். சாப்பிட்டவுடன் வெல்டாவை சோபாவில் உட்கார வைப்பான். இதில் மூன்று சுரம், அதில் அதே மூன்று சுரம்.

"இப்ப?"

"கேட்டுது."

"இதுல?"

"இதுலயும் கேட்டுது."

"வித்தியாசம் தெரியலையா, கண்ணு?"

"ரெண்டும் என் பீங்கான் தட்டை ஆட்டுது, டாயல்."

டாயலோடு பேஸ் கிதார் வாசிக்கும் ஹோலிஸ், தான் ஓட்டும் பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு நேரே இங்கேதான் வருவான். "உள்ள அதே வால்வுடா, அதே ஸ்பீக்கர், அதே கம்பி. நான் பின்பக்கம் கழட்டிப் பாத்துட்டேன்" என்றான்.

"உனக்குக் காது பத்தாது. அழுக்கானதுல ஒரு கரகரப்பு இருக்கு. அனுபவப்பட்ட சத்தம்."

"அழுக்குலதான் சத்தம் வருதுன்னா, கிதார் ஒயரை உன் சட்டைக் காலர்ல சொருகுடா. இன்னும் பிரமாதமா வரும்."

வெல்டா இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அழுக்கானது ஏதோ குடிகாரன் வீட்டுப் பழைய சாமான், மலிவாகக் கிடைத்தது என்று தானாகவே முடிவு கட்டியிருந்தாள். டாயலின் மனம் அதன் பக்கம் சாய்வது அவளுக்குத் தெரிந்தது. அந்த அழுக்கு மூட்டையோடு அவன் மேடையேறினால் ஊர் அவன் வாசிப்பைக் கேட்காது. கறை எடுக்கிறவள் வீட்டுக் கறையைத்தான் பார்க்கும். வியாழக்கிழமை அவளுக்கு விடுமுறை. சமையல் சோடா, வினிகர், பழைய பல்துலக்கி ஆகியவற்றோடு உட்கார்ந்தாள்.

முதலில் முகர்ந்தாள். பியர் வாசமில்லை. காப்பி வாசமும் இல்லை. வாசமே இல்லாத கறையை அவள் இதுவரை பார்த்ததில்லை. 'என்னத்தைத்தான் குடிச்சுத் தொலைச்சானோ' என்று ஏப்ரனை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மூன்று மணி நேரம் பிடித்தது. தழும்புக்கு, அடிப்பக்கத்து மடிப்பிலிருந்து நூல் உருவி நெய்தாள். முடித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிமிர்ந்தபோது, பெற்றவளுக்குக்கூட அடையாளம் தெரியாத இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

ஐந்து மணிக்கு டாயலும் ஹோலிஸும் உள்ளே வந்தார்கள். டாயல் தொப்பியைக் கழற்றினான். துக்க வீட்டில் கழற்றுவதைப் போல.

"வெல்டா, என்ன பண்ணினே?"

"சுத்தம் பண்ணினேன். நன்றி சொல்ல ஒண்ணும் அவசரமில்ல."

"அந்தக் கறைக்குத்தான் தொள்ளாயிரம் டாலர்."

"குறைச்சலா?"

"கூட."

வெல்டா உட்கார்ந்தாள். ஹோலிஸ் அட்டைப்பெட்டிக்குள் கைவிட்டு ஒரு தடித்த தாளை எடுத்து, தேவாலயத்தில் வேதம் வாசிப்பதுபோல் வாசித்தான். "பான வளையங்கள் மூன்று. சிகரெட் தழும்பு ஒன்று. ஆங்காங்கே வியர்வை. அனைத்தும் தொழிற்சாலையில் தேர்ந்த கைகளால் செய்யப்பட்டவை."

"யாரோட வியர்வை?" என்றாள் வெல்டா. ஹோலிஸ் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"விடுடா, இதுக்குப் போய் கலங்கறே" என்றான் ஹோலிஸ். "உனக்குத்தான் காது இருக்கே. வாசிச்சுப் பாத்து எது எதுன்னு சொல்லேன்."

டாயல் வாசித்தான். இடப்பக்கம் ஒரு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை, கண்ணை மூடிக்கொண்டு மறுபடி இரண்டும். வெல்டாவுக்கு எது எதுவென்று தெரியும். அவன் விரல் இடப்பக்கத்தைக் காட்டப் போனபோது இருமிப் பார்த்தாள். அவன் கவனிக்கவில்லை.

"இதுதான். தொண்டையில அந்தக் கரகரப்பைக் கேளு."

ஹோலிஸ் குனிந்து பின்னால் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தான். "அது சுத்தமானதுடா" என்றான். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் டாயல் தாங்கியிருப்பான்.

கிதார் ஒயரை மெதுவாகச் சுருட்டினான் டாயல். "ரெண்டையும் திருப்பி அனுப்பிடு, வெல்டா. ஹோலிஸ், சனிக்கிழமைக்கு வேற ஆளைப் பாத்துக்கோ. எனக்குக் காது போயிடுச்சு."

வெள்ளிக்கிழமை காலை லாரியை எடுக்கப் போகும்போது கிதாரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பரணில் வைத்துவிட்டுப் போனான். பரண் கதவு சாத்துகிற சத்தம் வெல்டாவுக்கு அடுக்களைவரை கேட்டது.

ஹோலிஸ் போன் செய்து யோசனை சொன்னான். "ஒரு பாக்கெட் சிகரெட், ரெண்டு பியர், பத்து நிமிஷம். நானே பழசாக்கித் தரேன், திருப்பி அனுப்பிடலாம். தாள்ல போட்டிருக்கிற மாதிரியே. வியர்வை வேணும்னா அதுவும் என் உபயம்."

"ஊரை ஏமாத்தற வேலை எனக்கு வேண்டாம்" என்று வைத்துவிட்டு, வெல்டா கடைக்கே போன் செய்தாள்.

"வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கணும், மேடம்" என்றான் கடைப்பையன்.

"கறை போயிடுச்சு, தம்பி."

"அது போகாதே. போகாத மாதிரிதான் செய்யறோம்."

"நான் எடுத்தேன்."

"தழும்பு?"

"அதையும்தான்."

"மேடம், எப்படிப் பண்ணினீங்க?" அவன் குரலே மாறியிருந்தது. பாவம் செய்தவள்போல் போனைப் பிடித்திருந்த வெல்டாவின் முதுகு, அவளைக் கேட்காமலே நிமிர்ந்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தான். புதியதைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களாம். கழுவியதை எடுக்கமாட்டார்களாம். பதினோரு நாள் டாயலால் முடியாததை நாலு நிமிஷத்தில் போன் முடித்துவைத்தது.

சனிக்கிழமை காலை ஹோலிஸ் வந்து, வேறு ஆள் பார்க்கவில்லை என்று வெல்டாவிடம் சொல்லிவிட்டு, திருப்பி அனுப்பப் புதியதைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனான். சாயங்காலம் நாலு மணி. ஆறு மணிக்கு நடனம். முன்னறையில் கழுவிய ஆம்ப்ளிஃபையர் மட்டும், முதல் நாள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைபோல் முகம் துடைத்து நின்றது. டாயல் அதற்கு முதுகைக் காட்டி சோபாவில் உட்கார்ந்து, விளம்பரத் தாளில் பனி அள்ளும் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது ஆகஸ்ட் மாதம்.

வெல்டா பரணில் ஏறினாள். கிதாரை இறக்கி அவன் காலடியில் வைத்தாள். அடுக்களைக்குப் போய் ஐஸ் டீயோடு வந்தாள். தம்ளர் முழுக்க வியர்த்திருந்தது. அதைக் கொண்டுபோய் ஆம்ப்ளிஃபையரின் தலையில், வெறும் துணிமேல் வைத்தாள்.

டாயல் திரும்பினான். அவன் கை அவனைக் கேட்காமலே சோபா கைப்பிடிக்குப் போய் ஒரு வட்டை எடுத்துத் தம்ளரை நோக்கி நீட்டியது.

"வெல்டா, கறை பிடிக்கும்."

"தெரியும்."

நீட்டிய கையிலிருந்து வட்டை வாங்கி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். டாயல் அவளைப் பார்த்தான், தம்ளரைப் பார்த்தான். பிறகு குனிந்து, நடனத்துக்குப் போக பூட்ஸைத் தேடத் தொடங்கினான்.

வெல்டா தம்ளரைத் தூக்கிப் பார்த்தாள். வளையம் முழுசாக விழுந்திருந்தது. நாலு விரல் தள்ளி மறுபடியும் வைத்தாள்.