பொன்னாங்காணி என்று நான் நட்டது

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் விஞ்ஞான ஆசிரியர். பதுளையில் ஒரு கழிவுநீர்க் கானோரம் செழித்து நின்ற பொன்னாங்காணியைப் பார்த்து, ஒரு பிடி பிடுங்கி வந்து, வீட்டுப் பைப்படியில் நட்டேன். ஒரே மாதத்தில் அது வேலியைத் தாண்டியது. பக்கத்துத் தொழிலாளர் லயத்து அக்கா, கொழுந்தெடுத்துவிட்டு வரும்போது நின்று, "சேர் கை ராசியான கைங்க" என்றார். அந்தப் புகழ்ச்சியில் மயங்கி, லயம் முழுக்கத் தண்டு கொடுத்தேன்.

பாடசாலைத் தோட்டத்தைப் பார்க்க வந்த விவசாயப் போதனாசிரியை யாழ்ப்பாணத்துக்காரர். அவரைச் சாப்பிட அழைத்தோம். மனைவி கீரைச் சுண்டலுக்குப் பறித்துக்கொண்டிருந்ததைக் கண்டதும் அவர் ஓடிப்போய் ஒரு தண்டை ஒடித்தார்.

"சேர், இது பொன்னாங்காணி இல்லை. அலிகேட்டர் வீட் எண்ட களை. தண்டுக்குள்ள குழாய் மாதிரி ஓட்டை, பாத்தீங்களோ? பூவுக்கும் நீளக் காம்பு. பொன்னாங்காணிப் பூ தண்டோட ஒட்டித்தான் இருக்கும்."

"அலிகேட்டர்னா முதலைதானே?" என்று மனைவி என்னை முறைத்தாள். மூன்று மாதமாக அதைத்தான் சுண்டி எனக்குப் போட்டிருந்தாள். அவளுக்குக் கீரை பிடிக்காது.

"இனிச் சாப்பிடாதேங்கோ. மண்வெட்டியால கொத்தவும் வேண்டாம். ஒரு கணு மிஞ்சினாலும் முளைக்கும். வேரோட கிண்டி, காயவச்சு எரியுங்கோ."

முந்தின நாள்தான் மண்வெட்டியால் அதைப் பைப்படி முழுக்கக் கொத்திப் பரப்பியிருந்தேன்.

மறுநாள் லயத்துக்குப் போய், கொடுத்ததைத் திருப்பிக் கேட்டேன்.

"என்னங்க சேர், எங்களுது நல்லா வளருதுன்னு பொறாமையா?" என்றார் அக்கா.

தண்டை ஒடித்துக் காட்டினேன். அவர் அதை வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். காற்று போனது.

"அப்ப குடுத்தவங்களே புடுங்குங்க."

அன்று பின்னேரம் முழுக்க முழங்காலில் நின்று கிண்டினேன். லயத்துப் பெண்கள் வரிசையாக நின்று வேலை வாங்கினார்கள். "சேர், அந்த வேர உட்டுட்டீங்க!" "ஒழுங்கா எடுங்க, அரப் பேரு போட்டு அர நாள் சம்பளந்தான் குடுப்போம்!" சிரிப்பு அடங்கவே இல்லை. கடைசியில் அக்காவே இறங்கி, நான் மூன்று மணி நேரமாக இழுத்த வேலையை அரை மணியில் முடித்தார்.

எல்லாவற்றையும் தகரத்தில் காயவைத்து எரித்தோம். லயத்தில் அது ஒழிந்துவிட்டது. என் பைப்படியில் மட்டும் இன்னும் தலைகாட்டுகிறது. சனிக்கிழமைதோறும் குந்தியிருந்து பிடுங்குகிறேன். கொத்திப் பரப்பிய கதையை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.