மாத்தேர்னின் இடது கட்டைவிரல்

எங்கள் எர்லன்ஹைமில் ஒரு குழந்தை இடது கையால் கரண்டி பிடித்தால், அந்தச் செய்தி அதன் அப்பாவை எட்டுவதற்கு முன் ஹேண்ட்பால் கிளப்பை எட்டிவிடும். ஆடுகளத்தின் வலது மூலையிலிருந்து பாய்ந்து கோல் போட இடக்கைக்காரன்தான் வேண்டும். வலக்கைக்காரன் அங்கிருந்து எறிந்தால் எதிரே கோல்கீப்பரின் வயிறு மட்டுமே தெரியும். பிரான்சின் இந்த அல்சாஸ் வட்டாரம் முழுக்கச் சலித்தாலும் உருப்படியான இடக்கைக்காரர்கள் நாலைந்து பேர் தேறினால் அதிகம்.

மாத்தேர்ன் கிளிப்ஃபெல் அவர்களில் ஒருவன். நல்ல ஆட்டக்காரனா என்று கேட்டால் ஊரில் பேச்சை மாற்றுவார்கள். ஓட்டம் சுமார். தடுப்பாட்டத்தில் அவனைக் கதவு என்போம், திறந்த கதவு. ஆனாலும் அந்த ஒரு கையை வைத்துப் பதினேழு வருடம் ஆட்டக்காரனாகச் சம்பளம் வாங்கினான். வடக்கே ஒரு கிளப், பிரெனே மலையடிவாரத்தில் ஒரு கிளப், முதுகு பிடித்துக்கொண்டதும் மறுபடி எங்கள் கிளப். போன இடத்திலெல்லாம் அவனிடம் கேட்டது ஒன்றுதான்: "இடக்கைதானே?"

இப்போது வயது முப்பத்தைந்து. ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் ஒரே ஒரு வருடம் ஆட வேண்டும் என்று துடித்தான். இல்லாவிட்டால் மனைவி ஓதீலின் அண்ணன் வைத்திருக்கும் டைல்ஸ் கடையில் வேலை காத்திருந்தது. டை கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கிளப்பின் தலைவி மேடம் வுர்ம்சர், ஊரின் மருந்துக்கடைக்காரர், பிடிகொடுக்கவில்லை. ஹங்கேரியிலிருந்து இருபது வயது இடக்கை ஒன்று வரப்போவதாகப் பேச்சு. "சனிக்கிழமை கடைசி ஆட்டம் முடியட்டும். திங்கட்கிழமை பேசலாம்" என்றிருந்தார்.

புதன்கிழமை பயிற்சியில் யாருடைய முழங்கையிலோ மோதி மாத்தேர்னின் இடது கட்டைவிரல் வீங்கியது. அவன் மூச்சு விடவில்லை. காலையில் எதிர்ப்படும் அத்தனை பேருக்கும் கை கொடுத்தாக வேண்டும்; நல்லவேளை, அது வலது கை வேலை. கட்டுத்துணிக்கு மேடம் கடைக்கா போக முடியும்? தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டு, பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பக்கத்து ஊருக்குச் சைக்கிள் மிதித்தான்.

இத்தனை கவனமாக இருந்தவன் வியாழக்கிழமை காலை ரொட்டிக்கடையில் வலது கையை நீட்டித் தொலைத்தான்.

கடைக்கார லியோனி ரொட்டியை விடவில்லை. "என்னப்பா, வலது கையா?"

"ரெண்டும் கைதானே, லியோனி."

"சின்னப் பிள்ளையிலேர்ந்து அந்தக் கையாலதான் வாங்குவே. பாக்கெட்லேர்ந்து அதை எடு, பாப்போம்."

"குளிருது."

"மே மாசத்துலயா?"

மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆனால் மேடம் காதில் ஒருவரும் போடவில்லை. தலைவலி மாத்திரை வாங்கப் போனவர்கள்கூட வாயை இறுக்கிக்கொண்டு நின்றார்கள். பயிற்சியாளர் ஓஸ்டர்டாக் மட்டும் அவனைத் தனியே இழுத்தார்.

"என்கிட்டயாவது உண்மையைச் சொல்லுடா."

"லேசா வலி, கோச். அவ்வளவுதான்."

"லேசான வலிக்கா உன் ஷூ லேஸை இன்னிக்கு ஓதீல் கட்டிவிட்டா?"

சனிக்கிழமை ஜெயித்தால் முதல் பிரிவில் இருப்போம், இல்லாவிட்டால் கீழே இறங்குவோம். கடைசி நிமிடம்வரை சமநிலை. வலது மூலையில் ஆடிக்கொண்டிருந்தவனுக்குக் கால் பிடித்துக்கொண்டது. ஓஸ்டர்டாக் பெஞ்சைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு மாத்தேர்னை அனுப்பினார். பந்து வழுக்காமலிருக்க வழக்கமாக இடது கைக்கு மட்டும் பிசின் பூசுகிறவன், அன்று இரண்டு கைக்கும் பூசிக்கொண்டு இறங்கினான்.

எதிரணி கோல்கீப்பர் கோந்த்ரான் பிரெனே கிளப்பில் நாலு வருடம் இவனோடு ஒரே அறையில் குறட்டை விட்டவன். இவன் இடது கை எங்கே போகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். பந்து மூலைக்கு வந்தது. மாத்தேர்ன் எம்பினான், இடது தோளை உயர்த்தினான், கோந்த்ரான் அந்தப் பக்கம் பாய்ந்தான். பந்து வலது கைக்கு மாறியது. இதுவரை கை குலுக்க மட்டுமே பழகிய கை அது. பந்து சோம்பலாகப் போய்க் கம்பத்தில் பட்டு, கோந்த்ரானின் முதுகில் பட்டு, உள்ளே விழுந்தது.

"என்னடா கண்றாவி இது?" என்றான் கோந்த்ரான், தரையில் கிடந்தபடியே.

"கோல்" என்றான் மாத்தேர்ன்.

திங்கட்கிழமை மேடத்தின் மருந்துக்கடைப் பின்னறை.

"விரல் எப்படி இருக்கு?"

"எந்த விரல், மேடம்?"

"பக்கத்து ஊர் கடை என் தங்கச்சி மருமகனோடது. புதன்கிழமை சாயங்காலமே போன் பண்ணிட்டான்."

மாத்தேர்ன் இருமல் மருந்து பாட்டில்களைப் படிக்க ஆரம்பித்தான்.

"நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். சொல்லலை. ஹங்கேரிப் பையன் வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டாச்சு."

"புரியுது, மேடம்." எழுந்துவிட்டான்.

"உக்காரு. உனக்கும் ஒரு வருஷம் உண்டு. அவனுக்குப் பின்னாடி. அவனுக்கு மூச்சு வாங்கினா நீ போகணும்."

"ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்?"

"அறுபது நிமிஷத்துல நாலு. நல்ல நாளா இருந்தா அஞ்சு."



"நாலு போதும், மேடம்."

போதாது என்பது அவன் முகத்தில் கொட்டை எழுத்தில் தெரிந்தது. மருத்துவர்களின் கிறுக்கலையே படிக்கத் தெரிந்த மேடம் அதைப் படிக்காதவர்போல ஒப்பந்தத்தை அவன் பக்கம் நகர்த்தினார்.