அழித்தோம் என்று எழுதிக் கொடுங்கள்

இன்று தருமபுரியிலிருந்து ஏரியூர் போகும் பஸ்ஸில் இருந்தபோது, சென்னை டிவி நிலையத்திலிருந்து ஒரு பெண் போனில் அழைத்தார். என்னிடம் பழைய கேசட் இருப்பதாக நான் இந்தப் பக்கத்தில் முன்பு எழுதியதைப் படித்தாராம்.

எண்பதுகளில் கடத்தூரில் நான் ரேடியோ மெக்கானிக். யாரிடமும் கற்காமல் நானே செய்த ஆன்டெனாவைப் பற்றி அந்த நிலையம் ஒரு நிகழ்ச்சி எடுத்து ஒளிபரப்பியது. பிரதி கேட்டுச் சென்னைக்கே போனேன்.

"உங்க மூஞ்சிய வெச்சு நாங்க என்னய்யா பண்றது? அழிச்சுட்டு அதே டேப்புல கிரிக்கெட் எடுத்தாச்சு" என்றார் அதிகாரி.

ஊர் திரும்பிய பிறகுதான், தருமபுரி வீடியோ கடை பாய் அந்த நிகழ்ச்சியை டிவியில் வந்தபோதே பதிவு செய்திருந்தது தெரிந்தது. கேசட்டை எனக்கே கொடுத்துவிட்டார்.

இன்று அந்தப் பெண், "அப்போ டேப் விலை அதிகம் ஐயா. அழிச்சு அழிச்சுத்தான் எடுத்திருக்காங்க. உங்க கேசட்டைக் கொடுத்தா ஆண்டு விழாவுல போடுவோம்" என்றார்.

"தாராளமா தர்றனுங்க. நாங்கதான் அழிச்சோம்னு லெட்டர்பேடுல எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்க."

"அப்படியெல்லாம் எழுத முடியாது ஐயா."

"அப்ப விழாவுல அந்தக் கிரிக்கெட்டையே போடுங்க."

அந்தப் பெண் மெதுவாகச் சொன்னார்: "அதையும் அழிச்சுட்டாங்க ஐயா."

நான் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

கடிதம் வரும்வரை கேசட் என் பீரோவில்தான் இருக்கும். நீங்கள் யாராவது பார்க்க வேண்டுமென்றால் ஏரியூரில் என் வீட்டுக்கு வாருங்கள், போட்டுக் காட்டுகிறேன்.

நான் செய்தது தப்பு என்பவர்கள் கீழே எழுதலாம். படிப்பேன், மனதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.