யானை கேக்கின் படம்

தெருவில் எல்லோருக்கும் அவள் கேக்கக்கா. கேக் செய்து விற்பதால் வந்த பெயர் என்பாள் அவள். கேட்காமலே யோசனை சொல்வதால் வந்தது என்பார் கணவர். இரண்டும் உண்மைதான்.

செய்த கேக்கையெல்லாம் படமெடுத்து, பிறந்தநாள், கல்யாணம் என்று ஒரு போட்டோ செயலியில் ஆல்பம் பிரித்து, ஒரே தொகுப்பாக ஒரு ஹார்ட் டிஸ்கில் சேர்த்து வைத்திருந்தாள். வருகிறவர்களுக்குப் பின்னறையிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் அவற்றைத்தான் காட்டுவாள்.

ஒரு விடுமுறையில் வந்த கொழுந்தன், அந்த டிஸ்கைத் தன் புது லேப்டாப்பில் சொருகிப் பார்த்தான். ‘தொகுப்பைப் புதுப்பிக்கவா?’ என்று அதிலிருந்த செயலி கேட்க, சரி என்று தட்டிவிட்டான். அவன் ஊருக்குப் போன பிறகுதான் பழைய கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. இந்தத் தொகுப்பு புதிய பதிப்பில் இருக்கிறது, திறக்க முடியாது என்று ஒரே பாட்டு. செயலியின் புதிய பதிப்பைப் போடலாமென்றால் அந்தக் கிழட்டுப் பெட்டி ஏற்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா வந்து நின்றார்.

“எம்பொண்ணு முதல் பிறந்தநாளுக்கு யானை கேக் செஞ்சு கொடுத்தீங்களே! இப்ப அவளுக்குக் கல்யாணம். அதே யானைதான் வேணுமாம்.”

“அதே யானைதானே? வந்துடும்,” என்றாள் கேக்கக்கா. அந்த யானை நின்றதா உட்கார்ந்திருந்ததா என்றுகூட அவளுக்கு நினைவில்லை.

அவர் போனதும் கொழுந்தனைப் போனில் பிடித்தாள்.

“ஐயோ அண்ணி, என்னாலதான். அடுத்த லீவுக்கு வந்து பார்க்கறேன்.”

“அதுக்குள்ள அந்தப் பொண்ணுக்குக் குழந்தையே பொறந்துடும். ஒண்ணு மட்டும் சொல்லு. மாறினது படமா, இல்ல படத்தையெல்லாம் அடுக்கி வெச்சிருந்த விதமா?”

“அடுக்கினதுதான் அண்ணி. படமெல்லாம் உள்ள அப்படியே இருக்கணும்.”

“அப்புறம் என்ன? மேல கிரீம்தான் கெட்டிருக்கு. வழிச்சுட்டா கேக் நல்லாத்தான் இருக்கும்.”

முதலில் எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்கில் நகலெடுத்துக்கொண்டாள். பிறகு கொழுந்தன் போனில் சொல்லச் சொல்ல, அந்தத் தொகுப்பின் உள்ளே போய்ப் பார்த்தாள். ஆண்டுவாரியாக ஃபோல்டர்கள். ஒன்றைத் திறந்தாள்; மூன்றடுக்குக் கல்யாண கேக் ஒன்று பளிச்சென்று வந்தது. “மாட்டினியா!” என்று சிரித்தாள். படங்களை வெளியே எடுத்து, பழைய பதிப்பிலேயே புதிதாக ஒரு தொகுப்பு தொடங்கி ஏற்றினாள். ஆல்பங்கள்தான் போயிருந்தன. போனால் போகிறது, மறுபடி பிரித்துக்கொள்ளலாம்.

கணவரும் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். யானை வந்ததும் இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். குட்டைத் தும்பிக்கை, ஒரு காது முறம், ஒரு காது கரண்டி.

அந்த அம்மாவிடம் படத்தைக் காட்டினாள். “இப்ப இதைவிட அழகா செய்வேங்க.”

“வேண்டவே வேண்டாம். இந்தக் காதைப் பிச்சுத் தின்னுட்டுத்தான் அன்னைக்கு அவ சிரிச்சா.”

தும்பிக்கை சுலபமாக வந்துவிட்டது. காதுகளைத்தான் கோணலாகச் செய்ய அவள் கை ஒப்பவில்லை. இரண்டு முறை அழித்துப் பார்த்துவிட்டு, கணவரைக் கூப்பிட்டுச் செய்யச் சொன்னாள். அச்சு அசலாக வந்தது.