மண் படாத மஞ்சள் ஜேர்சி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மறதியும் கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகப் பக்கத்து உதைபந்தாட்டக் கழகம் ஒன்றின் ஜேர்சிகளைச் சம்பளத்துக்குத் தோய்க்கிறேன். ஆட்டம் பார்ப்பதில்லை. அழுக்கைப் பார்த்தே அணியை மட்டிடுவேன்.

லீக் தொடங்கிய வாரம் எங்கள் அணி கொழும்பில் மழைக்குள் விளையாடித் தோற்றது. ஆட்டத்துக்குப் போகாத செயலாளர்தான் மூட்டையைக் கொண்டுவந்தார். எல்லா ஜேர்சியிலும் சேறு. கோல் கீப்பரின் மஞ்சள் ஜேர்சி மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது.

"எப்பிடியம்மா எங்கட டீம்?"

"எல்லாரும் பாடுபட்டிருக்கினம் தம்பி. கீப்பர்தான் ஒருக்காலும் விழேல்லைப் போல."

"அப்ப ஆளை மாத்தவேணும்," என்று போய்விட்டார்.

மறுநாள் காலை அந்தக் கீப்பர் என் வாசலுக்கு வந்தார். "ஆச்சி, நான் விழேல்லையெண்டு சொன்னீங்களாம். இதைப் பாருங்கோ." முழங்கையில் தோல் உரிந்திருந்தது. எதிரணியும் மஞ்சள் என்பதால், ஆட்டம் தொடங்க முன்னமே நடுவர் அவரை ஜேர்சி மாற்றச் சொன்னாராம். "இரவல் சட்டையைத் திருப்பிக் குடுத்தன், அதோட சேறும் போட்டுது. இனி எனக்கு இடமில்லையாம்."

ஆட்களோடு கதைக்கக் கூச்சப்படுகிற நான் அன்றுதான் முதன்முதலாகக் கழகத்துக்குப் போனேன். செயலாளரிடம் "நான் சொன்னது பிழை, தம்பி" என்று மட்டும் சொன்னேன்.

"இனி ஆச்சிதான் எங்கட கோச்!" என்று அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அடுத்த வார மூட்டையில் மஞ்சள் ஜேர்சி முழுக்கச் சேறாக வந்தது. அதைப் போட்டு விளையாடியது அந்தக் கீப்பர்தானா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்த ஆட்டத்தின் பெயர்ப்பட்டியல் வைத்திருப்பவர்கள் ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கள்.