பச்சைப்புள்ளியும் என் இரண்டு வரியும்

எங்கள் தொழிற்பயிற்சி மையத்தில் முதல்வருக்குப் பயப்படாத வாத்தியார்கள் நாலு பேர் உண்டு. பச்சைப்புள்ளிக்குப் பயப்படாதவர் ஒருவர்கூடக் கிடையாது. நான் வெல்டிங் வாத்தியார். இருபத்திரண்டு வருஷமாக நெருப்போடு குடித்தனம் நடத்துகிறவன். அப்படிப்பட்ட நானே அந்த அம்மாள் வராந்தாவில் வருவதைப் பார்த்தால் முகமூடியை இறக்கிவிட்டு வேலை செய்வதுபோல் பாவனை பண்ணுவேன்.

அந்தப் பட்டப்பெயரை வைத்தவனும் நான்தான். எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் கணினியில் ஒரு பக்கம் உண்டு. என்னவாக ஆசை, அதற்கு என்னென்ன படி ஏற வேண்டும், எந்தத் தேதிக்குள், எல்லாம் அதில் இருக்கும். வாரம் ஒருமுறை வாத்தியார் அதில் இரண்டு வரி எழுத வேண்டும். பிள்ளை முன்னேறினால் பச்சைப் புள்ளி, தடுமாறினால் மஞ்சள், நின்றுவிட்டால் சிவப்பு. இந்தப் பக்கங்களைக் கட்டி மேய்ப்பதுதான் அந்த அம்மாளுக்கு வேலை.

அதற்கு முன்னால் பதினோரு வருஷம் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்தவர். மனு எழுத வருகிறவர்கள் ஊர்க்கதை எல்லாம் அளப்பார்களாம். இவர் சொல்வது ஒன்றே ஒன்று: "நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்." அந்த வார்த்தையையும், கடையில் உட்கார்ந்திருந்த மடக்கு ஸ்டூலையும் கையோடு இங்கே கொண்டுவந்துவிட்டார். எழுதாத வாத்தியார் பக்கத்தில் ஸ்டூலை விரித்து உட்கார்ந்துவிடுவார். கோபப்பட மாட்டார். டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிடுவார், மகளுக்குப் போன் பேசுவார், எழுந்து மட்டும் போக மாட்டார்.

"சார், ரெண்டு வரி. ரெண்டே ரெண்டு வரி."

"எனக்கு வேற வேலை இல்லைன்னு நினைச்சீங்களா மேடம்?"

"இருக்கு சார். அதை முடிச்சிட்டே வாங்க. நான் உக்காந்திருக்கேன்."

இந்த உடும்புப்பிடியிலிருந்து தப்பிக்க எனக்கு ஒரு வழி கிடைத்தது. எழுதும் பெட்டிக்குக் கீழே 'போன வாரம் போலவே' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் பழைய வரியும் பழைய புள்ளியும் அப்படியே வந்து உட்காரும். இருபத்தாறு பிள்ளைகளுக்கு இருபத்தாறு தட்டு, ஒன்றரை நிமிஷத்தில் வேலை முடிந்தது. என்னைவிடக் கெட்டிக்காரன் உண்டா என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

அந்த இருபத்தாறில் ஒருத்திக்கு நான் வைத்த பெயர் ஒன்பதே முக்கால். பட்டறை ஒன்பது மணிக்குத் தொடங்கும், அவள் வருவது ஒன்பதே முக்காலுக்கு. ஏன் என்று கேட்டால் "தூங்கிட்டேன் சார்" என்பாள். கைவேலை என்னவோ அருமை. அவள் போட்ட வெல்டிங் தையலைத் தடவிப் பார்த்தால் விரலுக்கு ஒரு மேடு பள்ளம் தட்டாது. ஆனாலும் நேரம் நேரம்தானே! நான் எழுதியது: "தாமதம். கவனம் தேவை." புள்ளி சிவப்பு.

"சார், இது பிள்ளையைப் பத்தி எழுதினதா, ரயிலைப் பத்தியா?" என்று கேட்டார் பச்சைப்புள்ளி.

"படிச்சா புரியுதில்ல? அது போதும்."

மூன்று வாரத்துக்கு மேல் தொடர்ந்து சிவப்பு விழுந்தால் குழு கூடும். பெயரை நீக்கி, வரிசையில் காத்திருக்கிறவருக்கு இடத்தைக் கொடுத்துவிடுவார்கள். ஒன்பதே முக்காலுக்கு நாலாவது வாரமும் சிவப்பு விழுந்தது. வெள்ளிக்கிழமை குழு என்று தாள் ஒட்டினார்கள்.

புதன்கிழமை பச்சைப்புள்ளி அவளை ஒரு மணி நேரம் எதிரே உட்காரவைத்துப் பேசினார். அவள் வாயே திறக்கவில்லையாம். கடைசியில் "அடுத்த இலக்கு என்னன்னு நீயே சொல்லும்மா" என்று கேட்க, அவள் சொன்னதை அப்படியே பக்கத்தில் ஏற்றியிருக்கிறார்: 'நடந்ததை நடந்தபடி ஒருத்தர்கிட்டயாவது சொல்லணும். கடைசி நாள்: வியாழன்.' வாத்தியார் ஒப்புதல் கொடுத்தால்தான் அது செல்லும். அந்த வருஷம் கால அட்டவணைப் பொறுப்பும் என் தலையில் இருந்ததால், என் திரையில் 'இவருக்கு' என்று ஒரு பொத்தானும், ஒட்டினாற்போல் 'அனைவருக்கும்' என்று இன்னொன்றும் இருக்கும். வெல்டிங் பிடித்துப் பிடித்து மரத்துப்போன கட்டைவிரல் எதில் போய் விழுந்திருக்கும் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

நூற்று எண்பத்துநாலு பிள்ளைகள், பத்தொன்பது வாத்தியார்கள், முதல்வர் உட்பட எல்லோர் போனும் ஒரே நேரத்தில் 'டிங்' என்றது. எல்லோருக்கும் புது இலக்கு!

ஐயோ, அந்த வியாழக்கிழமையை மறக்க முடியுமா! தையல் டீச்சர் நேராகத் தச்சு வாத்தியாரிடம் போய், "உங்க அளவு டேப்பை நான்தான் எடுத்தேன். ஆறு மாசமாச்சு. இந்தாங்க" என்று நீட்டினார். அவரோ, "நான் அதுக்குப் பழிவாங்க உங்க கத்தரிக்கோலை ஒளிச்சு வச்சேன்" என்றார். ஒரு பையன் பிளம்பிங் படிக்கவே பிடிக்கவில்லை, எலக்ட்ரிக்கல்தான் வேண்டும் என்று தன் அப்பாவுக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டான். பதினோரு மணிக்கு முதல்வர் பச்சைப்புள்ளியின் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, ஆபீஸ் பிரின்டரை உடைத்தது தான்தான் என்றாராம். பச்சைப்புள்ளி சிரித்துச் சிரித்து ஸ்டூலில் இருந்து விழாத குறை.

"அழிச்சிடுங்க மேடம், என் மானம் போகுது" என்று கெஞ்சினேன்.

"நாலு வருஷமா நான் கத்தியும் இத்தனை பேர் இலக்கை முடிச்சதில்ல சார். சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும்."

மத்தியானம் ஒன்பதே முக்கால் என் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"சார், மூணு வாரமா நான் எட்டே முக்காலுக்கு வர்றேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "யார்கிட்ட கதை விடுற?"

"முன்னாடி தம்பியைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வரணும், அதான் லேட்டு. அதைச் சொன்னா அம்மாவைக் கூப்பிட்டு விசாரிப்பீங்கன்னு தூங்கிட்டேன்னு சொன்னேன். இப்ப சித்தி கூட்டிட்டுப் போறாங்க. நான் சீக்கிரமே வந்து ஆறாம் நம்பர் தடுப்புக்குள்ள வேலை செய்றேன் சார். நீங்க அந்தத் திரையை விலக்கிப் பாக்கறதே இல்ல."

"இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"எழுதினது நீங்க. நான் சொன்னா யார் சார் நம்புவாங்க?"

வாட்ச்மேன் அண்ணனிடம் போய் வாசல் நோட்டை வாங்கிப் பார்த்தேன். எட்டு நாற்பத்தாறு. எட்டு நாற்பத்துநாலு. எட்டு நாற்பது. பதினேழு நாளும் அவள் கையெழுத்து இருந்தது. சில நாள் என் கையெழுத்துக்கு மேலேயே இருந்தது. எனக்கு அங்கேயே வெட்கமாகப் போய்விட்டது. ஒரு பிள்ளையின் தலையில் மண்ணை வாரிப் போட இருந்தேனே, அதுவும் ஒன்றரை நிமிஷத்தில் வேலையை முடிப்பதற்காக.

வெள்ளிக்கிழமை குழுவில் வாசல் நோட்டை வைத்தேன். முதல்வர் பார்த்துவிட்டு, "அப்ப கம்ப்யூட்டர் தப்பா காட்டுதா? இந்தத் திட்டமெல்லாம் வேண்டாம்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார். எவ்வளவு வசதியான கதவு! ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும், என் குட்டு வெளிப்படாது. அவள் இடமும் தப்பிக்கும். பச்சைப்புள்ளியின் வேலை மட்டும்தான் போகும். அந்த அம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும்தான் அந்த 'டிங்' வந்திருந்தது, நான் மட்டும் இலக்கை முடிக்கவில்லை.

"கம்ப்யூட்டர் மேல தப்பு இல்ல சார்," என்றேன். "பிள்ளையைப் பாக்காமலே போன வார வரியைத் தட்டினேன். மூணு வாரமா இருபத்தாறு பேருக்கும் அப்படித்தான். இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல."

முதல்வர் என் பெயரில் ஒரு குறிப்பாணை எழுதச் சொன்னார். அவள் பெயர் பட்டியலில் நிலைத்தது. வெளியே வந்ததும் பச்சைப்புள்ளி தன் டிபன் டப்பாவை என் பக்கம் நீட்டி, "சாப்பிடுங்க சார், முகம் வாடிப்போச்சு" என்றார். சாயங்காலமே கணினியில் எனக்கும் ஒரு பக்கம் திறந்துவிட்டார். இலக்கு: 'இருபத்தாறு பேரையும் நேரில் பார்த்த பிறகு எழுத வேண்டும்.' புள்ளி சிவப்பு.

திங்கட்கிழமை அடித்துப் பிடித்துக் கிளம்பி எட்டு ஐம்பதுக்குப் பட்டறைக்குள் நுழைந்தேன். ஆறாம் நம்பர் திரைக்குப் பின்னால் பொறி பறந்துகொண்டிருந்தது. முதல் தடவையாக அதை விலக்கினேன். அவள் முகமூடியைத் தூக்கி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அஞ்சு நிமிஷம் லேட் சார்."

அவளுக்கு இரண்டு வரி, எனக்கு இரண்டு வரி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன். என் பக்கத்தில் அவள் சொன்னதையே போட்டேன்.